எங்கட தென்னை 15 மீட்டரில் நிக்காது

முதலே சொல்லிவிடுகிறேன்: என்னிடம் ட்ரோன் இல்லை. வாங்கிற காசும் இல்லை. நான் படிக்கிறது கலைப்பீடத்தில். கணிதத்தை ஓ.எல். சோதனையோடு கும்பிட்டு வழியனுப்பி வைத்தவள். அப்படிப்பட்ட நான் போன மாதம் மூன்று இரவு கண்முழித்து, கல்குடாவில் எங்கட வீட்டு மேசையில் இருக்கிற பழைய லப்டொப்பில், ட்ரோனுக்கான ஃபேர்ம்வெயார் ஒன்றை மூலநிரலிலிருந்து கம்பைல் பண்ணினேன். "உனக்கெதுக்கு இந்த வேல?" என்று வீட்டில் கேட்டார்கள். கம்பஸில் நண்பிகளும் அதையேதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு வாயால் சொன்ன பதில் எதுவும் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஃபேர்ம்வெயார் என்பது ட்ரோனின் உடம்புக்குள் இருக்கிற சின்னக் கணினியில் ஓடுகிற மென்பொருள். நாங்கள் ரிமோட்டில் குச்சியைத் தள்ளுகிறோம், அவ்வளவுதான். நான்கு மோட்டாரும் தனித்தனியாக என்ன வேகத்தில் சுத்த வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த மென்பொருள். நான் எடுத்த 'ஆர்டுபைலட்' என்ற திறந்த மூல ஃபேர்ம்வெயாரில், ஒரு ட்ரோனுக்கு அந்தக் கணக்கு செக்கனுக்கு 400 தடவை நடக்கிறது. காற்றடித்தால் என்ன செய்வது, பற்றரி இறங்கினால் என்ன செய்வது, சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்ற முடிவுகளும் அதற்குள்தான் எழுதியிருக்கு.

இதற்குள் நான் போய் விழுந்தது தம்பியால். அவன் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுக்கப் போகிறவன். கூட்டாளிகளோடு சேர்ந்து பாகங்கள் வாங்கி ஒரு ட்ரோன் பூட்டலாம் என்ற யோசனையில் இருக்கிறான். ஒருநாள் ராச்சாப்பாட்டில் சும்மாதான் கேட்டேன்.

"சிக்னல் போனா என்னடா செய்யும்?"

"தானா மேல எழும்பி, கிளம்பின இடத்துக்கே வந்து இறங்கும் அக்கா."

"எவ்வளவு உசரத்துக்கு எழும்பும்?"

"அது செட்டிங்ஸில இருக்கும்."

"அந்த செட்டிங்ஸ ஆரு வெச்ச?"

அவன் சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தான். பதில் இல்லை. அன்றிரவு ஆர்டுபைலட்டின் ஆவணங்களில் தேடினேன். நாங்கள் எதையும் மாற்றாமல் விட்டால் அது வீடு திரும்ப எழும்புகிற உயரம் 15 மீட்டர். எங்கட வளவுத் தென்னையை நிமிர்ந்து பார்த்தேன். நன்றாக வளர்ந்த தென்னை 20 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். பனை 30 மீட்டர் வரைக்கும் போகும். கல்குடாவில், வாழைச்சேனையில், வாவிக்கரை ஊர்களில் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் நிற்கிறது வேறென்ன? அந்த 15 மீட்டரை வைத்தவர் பிழை செய்யவில்லை. அவருடைய திடலில் அது சரியாக இருந்திருக்கும். எங்கட தென்னை அவருடைய கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த இலக்கம் எழுதப்பட்ட இடத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆர்டுபைலட் பார்க்க விடுகிறது. அதன் மூலநிரல் முழுவதும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்து கிடக்கு. எவரும் வாசிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இது தொடங்கிய கதையும் எனக்குப் பிடித்தது. ஜோர்டி முனோஸ் என்ற மெக்சிகோ இளைஞர் அமெரிக்காவில் குடியேற்ற அனுமதிக்குக் காத்திருந்த காலம். வேலைக்குப் போக ஏலாது. வீட்டில் இருந்துகொண்டு, வீடியோ கேம் கையடக்கி ஒன்றிலிருந்த உணரிகளைக் கழற்றி, ஒரு பொம்மை ஹெலிகொப்டரைத் தானாகச் சமநிலையில் நிற்க வைக்கப் பார்த்தார். அப்போது அவருக்கு இருபது வயதளவில். 2007இல் கிறிஸ் அண்டர்சன் தொடங்கிய 'டிஐவை ட்ரோன்ஸ்' என்ற இணையக் குழுவில் அதைப் பகிர்ந்தார். 2009இல் ஆர்டுபைலட் அங்கிருந்துதான் வெளிவந்தது. இதன் இன்னொரு பெரிய போட்டியாளரான பிஎக்ஸ்4உம் சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். ஸூரிக்கில் ஒரு மாணவர் திட்டமாகத் தொடங்கியதுதான். வேலையில்லாத பொடியன் ஒருவனும் கம்பஸ் பிள்ளைகள் சிலரும். இப்படிப்பட்ட ஆக்கள் எங்கட ஊரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு இரவாவது மிச்சமாகட்டும்.

என் லப்டொப்பில் 4 ஜிபி ராம், விண்டோஸ். ஆர்டுபைலட்காரர் பரிந்துரைக்கிறது உபுண்டு லினக்ஸ். விண்டோஸை அழிக்கத் தேவையில்லை. அதற்குள்ளேயே உபுண்டுவை ஓட்ட மைக்ரோசொஃப்ட்டே ஒரு வழி வைத்திருக்கு. அதன் பெயர் டபிள்யூ.எஸ்.எல். அதை ஏற்றி, 'கிட்' மூலமாக நிரலை இறக்கினேன். பகலில் டேட்டா கட்டாது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு வருகிற இரவு டேட்டாவுக்குக் காத்திருந்துதான் இறக்கினேன். சின்ன விஷயமில்லை அது, ஒரு ஜிபிக்கு மேல்.

முதல் பிழை அங்கேயே. ஆர்டுபைலட் தனி ஒரு நிரல் இல்லை. அது வேறு பல திட்டங்களைத் தனக்குள் துணைத் தொகுதிகளாக வைத்திருக்கு. அவற்றையும் சேர்த்து இறக்கும்படி கட்டளையில் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அதனால் சில அடைவுகள் வெறுமையாக வந்தன. பயப்படத் தேவையில்லை, பிறகு ஒரு கட்டளையில் அவற்றை நிரப்பலாம். ஆனால் அது தெரியவர எனக்கு ஒரு இரவு போனது. இரண்டாவது, நிரலை விண்டோஸின் சி ட்ரைவுக்குள் வைத்தது. அங்கே வைத்தால் எல்லாம் நத்தை வேகம். உபுண்டுவின் சொந்த அடைவுக்குள் வைக்க வேண்டும். மூன்றாவது, தேவையான கருவிகளை நிறுவ ஒரு ஆயத்தக் கோப்பு தந்திருக்கிறார்கள். அதை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டக்கூடாது. நான் ஓட்டினேன். அது என்னை ஏசிவிட்டு நின்றது. அந்த ஏச்சை ஒழுங்காக வாசித்திருந்தால் அரை மணித்தியாலம் மிச்சம்.

கடைசிப் பிழைதான் என்னை அழ வைத்தது. எல்லாம் சரி, 'வாஃப்' என்ற கருவியால் கம்பைல் தொடங்கிவிட்டது, வரிகள் ஓடுகின்றன, திடீரென்று நின்றது. காரணமாக வந்தது ஒரே ஒரு சொல்: 'கில்ட்'. எது எதைக் கொன்றது? ஏன்? ஒரு விளக்கமும் இல்லை. இரண்டு தரம் முதலிலிருந்து தொடங்கினேன், இரண்டு தரமும் அதே சாவு. காரணம் ராம். டபிள்யூ.எஸ்.எல். கணினியின் ராமில் அரைவாசியைத்தான் எடுக்கும். எனக்கு அது 2 ஜிபி. கம்பைலரோ ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் தொகுக்கப் பார்க்கிறது. இடம் போதாமல் லினக்ஸ் அதைக் கொன்றுவிடுகிறது. "ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்" என்று கட்டளையில் சேர்த்தேன். படுக்கப் போனேன். விடிய எழும்பிப் பார்த்தால், முடிந்தது என்று பச்சை எழுத்தில் இருக்கு.

யோசித்துப் பார்த்தால், இந்த நாலு பிழையில் ஒன்றுக்கும் விஞ்ஞானமோ கணிதமோ தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வாசிப்பு. ஒரு வசனத்தைப் பொறுமையாக வாசித்து, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது. கலைப்பீடத்தில் நாங்கள் தினமும் செய்கிற வேலை அது. தடையாக இருந்தவை வேறு: பழைய கணினி, இரவு டேட்டா, ஆங்கிலம், கேட்க ஆளில்லாதது. "உங்களுக்கு இது விளங்காது" என்று சொல்பவர்கள் இந்த நாலையும் ஒன்றாக்கி மூளைக் குறைவு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

ட்ரோன் இல்லாமல் கம்பைல் பண்ணி என்ன செய்வது? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆர்டுபைலட்டை இரண்டு விதமாகத் தொகுக்கலாம். ஒன்று, உண்மையான ட்ரோனின் கட்டுப்பாட்டுப் பலகைக்காக. மற்றது, கணினிக்குள்ளேயே பறக்கிற பாவனை ட்ரோனுக்காக. இரண்டாவதில் உண்மையான பறப்பு நிரல்தான் ஓடும். காற்றும் மோட்டாரும் உணரிகளும் மட்டும் பாவனை. விழுந்தால் எதுவும் உடையாது. நான் செய்தது இதுதான்.

முதல் தரம் ஓட்டியபோது ட்ரோன் எழும்பிய இடம் அவுஸ்திரேலியா, கான்பெராவில் ஒரு மாதிரி விமானக் கழகத்தின் திடல், கடல் மட்டத்திலிருந்து 584 மீட்டர் உயரத்தில். ஆர்டுபைலட்டின் முக்கியமான ஆக்கள் சிலர் கான்பெராக்காரர் என்பதால் அதுவே வழக்கமான புறப்படும் இடமாகிவிட்டது. கடலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற எங்கட வீட்டில் இருந்துகொண்டு அந்த 584ஐப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. இடங்களின் பட்டியல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அகலக்கோடு, நெடுங்கோடு, உயரம், முகம் பார்க்கிற திசை. கல்குடா என்று ஒரு வரி சேர்த்தேன். 7.9 வடக்கு, 81.5 கிழக்கு என்று தொடங்கும் இலக்கங்கள், உயரம் 3 மீட்டர். அடுத்த தரம் வரைபடத்தில் வந்தது எங்கட ஒழுங்கை.

பிறகு அந்த 15 மீட்டரைத் தேடிப் போனேன். நான் இறக்கிய பதிப்பில் அது ஒரே ஒரு வரி. சென்டிமீட்டரில் 1500 என்று எழுதியிருக்கு. உண்மையைச் சொன்னால் அதை மாற்றக் கம்பைல் பண்ணவே தேவையில்லை, வெளியே அமைப்புப் பட்டியலிலேயே மாற்றலாம். ஆனாலும் நான் அந்த வரியிலேயே 3000 என்று மாற்றித் திரும்பக் கம்பைல் பண்ணினேன். பறக்கவிட்டு, வீடு திரும்பு என்றேன். 30 மீட்டர் எழும்பித் திரும்பி வந்தது. யாரோ ஒரு மனிதர் ஒருநாள் தட்டச்சு செய்த இலக்கம் அது, என்னாலும் தட்டச்சு செய்ய ஏலும் என்று கைக்கு விளங்கினது அப்போதுதான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய மூன்று விஷயங்கள் இருக்கு. மூன்றிலும் உண்மை இருக்கு.

முதலாவது தம்பி சொன்னது: "ஏன் அக்கா இவ்வளவு பாடு? ரெடியா கம்பைல் பண்ணினதே டவுன்லோட் பண்ணக் கிடைக்குது." உண்மை. பறக்கவிட மட்டும் விரும்புகிறவர் அதை இறக்கிக்கொள்வதே புத்தி. நான் பேசுவது எங்கட இடத்துக்கென்று ஏதாவது செய்ய நினைக்கிறவர்களைப் பற்றி. ஆர்டுபைலட் படகுகளையும் ஓட்டும். ஆழம் பார்க்கிற சோனாரைப் பூட்டினால் நீர்நிலையின் அடித்தளத்தை வரையலாம். எங்கட வாவி எங்கே தூர்ந்து போகிறது என்று மீன்பிடிக்கிறவர் ஒவ்வொருவருக்கும் தெரியும், வரைபடமாக அவர்கள் கையில் இல்லை. கண்டல் காடு எவ்வளவு குறைந்தது, எந்தப் பக்கத்தால் யானை வயலுக்கு இறங்குது என்பதெல்லாம் இப்படித்தான். இதையெல்லாம் யாரோ கொழும்பிலிருந்து ஒரு திட்டத்தோடு வந்து எங்களுக்குச் செய்து தருவார்கள் என்று எவ்வளவு காலம் இருக்கிறது? எங்கட தமிழ் ஆக்கள் செய்யாததும் இல்லை. சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா அணி, 2018இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் எடுத்தது. நடிகர் அஜித் அந்த அணிக்கு ஆலோசகராக இருந்ததால் செய்தி எங்களுக்கும் வந்தது. நாங்கள் அஜித்தை ஷேர் பண்ணினோம். அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எத்தனை பேர் தேடினோம்?

இரண்டாவது, சட்டம். இலங்கையில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேணும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்ததை நாங்கள் மறக்க ஏலாது. அந்த வாரமே நாடு முழுக்க ட்ரோனுக்குத் தடை வந்தது. எங்கட பகுதியில் பறக்கிற எதையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். விளையாட்டுக்குக்கூட அனுமதியில்லாமல் எவரும் விடவேண்டாம். ஆனால் கணினிக்குள் பறப்பதற்கு அனுமதி தேவையில்லை. படிப்பதற்கும் தேவையில்லை. அனுமதி கிடைக்கிற நாளில் கையில் அறிவும் இருக்க வேண்டுமென்றால் இப்போதே தொடங்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. போர். 2025 ஜூன் 1ஆம் திகதி உக்ரைன் ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கிய ட்ரோன்களில் ஓடியது ஆர்டுபைலட் என்று செய்திகள் வந்தன. ஆர்டுபைலட்டை எழுதுகிறவர்களின் நடத்தை விதியில், ஆயுதமாக்குவதற்கு உதவமாட்டோம் என்று இருக்கு. ஆனால் உரிமம் எவரையும் தடுக்காது. திறந்த மூலம் என்றால் அதுதான் பொருள்: நல்லவனுக்கும் திறந்திருக்கும், மற்றவனுக்கும் திறந்திருக்கும்.

எங்கட அம்மம்மா ட்ரோனுக்கு வைத்திருக்கிற பெயர் 'வண்டு'. 2006 கடைசியில் வாகரைப் பக்கம் சண்டை நடந்த நாட்களில் மேலே வண்டு இரைந்தால் எல்லாரும் பதுங்குவார்களாம். பிறகு என்ன வரும் என்று தெரியும். இன்றைக்கு பாசிக்குடாவில் உல்லாசப் பயணிகள் ட்ரோன் விட்டால் சின்னப் பிள்ளைகள் கைகாட்டுகிறார்கள். அம்மம்மா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பேசாமல் வீட்டுக்குள் போய்விடுவா.

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அம்மம்மாவின் தலைக்கு மேல் இரைந்தது திறந்த மூலம் இல்லை. அதற்குள் என்ன எழுதியிருக்கு, அது எதைப் பார்க்குது என்று கீழே இருந்த ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்தது அவர்களைக் காப்பாற்றவும் இல்லை. இனிமேலும் எங்கட தலைக்கு மேல் ஏதாவது பறந்துகொண்டுதான் இருக்கும்: மருந்தடிக்கிற ட்ரோன், கமரா ட்ரோன், நாங்கள் கேட்காத ட்ரோன். அதை வாசிக்கத் தெரிந்த சிலராவது எங்களுக்குள் இருக்க வேண்டும். எது கூடும், எது கூடாது என்று வாதாடுவதற்காவது.

அதற்குத் தமிழ் வேணும். ஆர்டுபைலட்டின் கையேடு நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஆங்கிலத்தில். அதை மொழிபெயர்க்க உரிமம் இடம் கொடுக்கிறது. இதை யார் செய்வது? பொறியியல் படிக்கிறவர்கள் தங்கட வேலையை ஆங்கிலத்திலேயே முடித்துவிடுவார்கள். இது எங்கட வேலை, கலைப்பீடத்தாரின் வேலை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரை நாங்கள் ஆண்டுதோறும் விழா எடுத்துப் புகழ்கிறோம். அவர் பௌதிகமும் இரசாயனமும் படிப்பித்தவர். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். 1947இல் வந்த யாழ் நூலில் இசையைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர். அவருக்குக் கலைப்பீடம் ஒரு பக்கம், விஞ்ஞானபீடம் மறுபக்கம் என்று மதில் இருக்கவில்லை. அந்த மதிலைக் கட்டியது பிறகு வந்த நாங்கள்.

நான் என் நாலு பிழைகளையும் தமிழில் குறிப்பாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். 'கில்ட்' என்று வந்தால் என்ன பொருள், முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்ற மாதிரி. பெரிய கலைச்சொல் ஒன்றும் இல்லை, தம்பிக்கு விளங்கிற தமிழ். வாழைச்சேனையிலோ ஓட்டமாவடியிலோ செங்கலடியிலோ பழைய லப்டொப் ஒன்றோடு இருக்கிறவர்கள் செய்து பாருங்கள். உங்களுக்கு வருகிற பிழை என்னுடையதிலிருந்து வேறாக இருக்கும். அதை எழுதுங்கள். பத்துப் பேரின் பிழைகள் சேர்ந்தால் அதுவே ஒரு கையேடு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கல்குடா வரைபடம் வந்த இரவு அம்மம்மா தண்ணி குடிக்க எழும்பி வந்தா.

"என்ன புள்ள, ராராவா இதுக்கு முன்னால இருக்கிறாய்?"

"ட்ரோன் அம்மம்மா. இந்தா, இதுக்குள்ள பறக்குது."

கிட்ட வந்து பார்த்தா. "இது ஆருட வீட்டுக்கு மேல?"

"எங்கட வீடுதான்."

"எங்கட வீட்டுக்கு மேல விடாத."

அவ போய்ப் படுத்த பிறகு அந்த எழுத்துக் கோப்பைத் திறந்து, நெடுங்கோட்டின் கடைசி இலக்கங்களைக் கொஞ்சம் மாற்றினேன். இப்போது என் ட்ரோன் எழும்புவது கடற்கரையில், வீடுகள் இல்லாத பக்கம்.